கெய்ரோவில் அரபு படிக்கப் போகிறீர்களா?

சென்னை கிரீம்ஸ் சாலைப் பக்கம் போய் வருகிறவர்கள் கவனித்திருப்பார்கள். மருந்துக் கடை, லாட்ஜ், பணம் மாற்றும் கடை என்று பல பெயர்ப்பலகைகளில் அரபு எழுத்தும் இருக்கும். ஓமன், ஏமன், ஈராக், சூடான் போன்ற நாடுகளிலிருந்து வைத்தியத்துக்கு வருகிறவர்களுக்காக எழுதி வைத்தவை அவை. அந்த நோயாளிகளுக்கும் நம்மூர் டாக்டர்களுக்கும் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் பேசுவது என் பிழைப்பு. சொந்த ஊர் கீழக்கரை. அரபு படித்தது எகிப்தின் தலைநகர் கெய்ரோவில்.

இந்த வேலைக்கு வந்த பிறகு, அரபு படிக்க வெளிநாடு போக நினைக்கும் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் என்னிடம் யோசனை கேட்டு வருகிறார்கள். மார்க்கக் கல்விக்காகப் போகிறவர்கள் உண்டு. மொழிபெயர்ப்பு, வளைகுடாவில் வேலை, வியாபாரம் என்று கணக்குப் போட்டுப் போகிறவர்களும் உண்டு. எந்தக் கல்லூரி நல்லது, கட்டணம் எவ்வளவு, எத்தனை வருடம் ஆகும் என்றுதான் எல்லோரும் ஆரம்பிப்பார்கள். நான் அவர்களிடம் முதலில் கேட்பது வேறு. எந்தப் பேட்டையில் தங்கப் போகிறாய், யாரோடு தங்கப் போகிறாய், காய்கறி வாங்க எங்கே போவாய்?

வகுப்பு ஒரு நாளில் நான்கு மணி நேரம். மிச்ச நேரத்தை எந்த மொழியில் கழிக்கிறோம் என்பதில்தான் அரபு வருவதும் வராததும் இருக்கிறது. பல வருடம் அங்கே இருந்துவிட்டு டாக்ஸிக்காரரிடம் வழி சொல்லத் திணறிய மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரே வருடத்தில் அரபியில் வாக்குவாதம் செய்யும் அளவுக்குத் தேறியவர்களையும் பார்த்திருக்கிறேன். இரு தரப்பினரும் ஒரே வாத்தியாரிடம் படித்தவர்கள். அதனால் பாடத்தை வாத்தியார்களிடம் விட்டுவிட்டு, அங்கே அன்றாடம் எப்படி இருந்து படிப்பது என்பதை மட்டும் இங்கே சொல்கிறேன்.

இரண்டு அரபு, இரண்டு நோட்டு

வகுப்பில் கற்றுத் தருவது ஃபுஸ்ஹா எனப்படும் எழுத்து அரபு. செய்தித்தாள், பாடநூல், அரசாங்கக் கடிதம், வெள்ளிக்கிழமை குத்பா பிரசங்கம், தொலைக்காட்சிச் செய்தி எல்லாம் அதில்தான். தெருவில் பேசுவது அம்மிய்யா எனப்படும் பேச்சு அரபு. மேடையில் ஒரு தமிழும் வீட்டில் ஒரு தமிழும் பேசி வளர்ந்த நமக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. ஆனால் அங்கே இரண்டுக்கும் இடைவெளி அதிகம். நலம் விசாரிக்க வகுப்பில் ‘கைஃப ஹாலுக்க’ என்று கற்றுக்கொண்டு வாசலுக்கு வந்தால், காவலாளி ‘இஸ்ஸய்யக்’ என்பார். பெண்ணாக இருந்தால் ‘இஸ்ஸய்யிக்’. கெய்ரோவில் ஜீம் எழுத்து ‘க’ மாதிரி ஒலிக்கும். காஃப் எழுத்து பல சொற்களில் தொண்டைக்குள்ளேயே நின்றுவிடும்.

ஃபுஸ்ஹா மட்டும் போதும் என்று சொல்கிற வாத்தியார்கள் உண்டு. பேச்சு வந்தால் போதும், இலக்கணம் எதற்கு என்கிறவர்களும் உண்டு. என் வேலையில் இரண்டும் இல்லாமல் ஒரு மணி நேரம் ஓட்ட முடியாது. நோயாளி கொண்டுவரும் பழைய மருத்துவக் குறிப்பும் அவர்கள் நாட்டு அரசாங்கக் கடிதமும் ஃபுஸ்ஹாவில் இருக்கும். அதே நோயாளி கட்டிலில் படுத்துக்கொண்டு, வலி எங்கே ஆரம்பித்து எங்கே இழுக்கிறது என்று தன் ஊர்ப் பேச்சில்தான் சொல்வார். வலியில் இருக்கும் பாட்டியம்மா இலக்கண சுத்தமாகப் பேசுவார் என்று எதிர்பார்க்க முடியாது. அந்த நேரத்தில் ஒரு சொல் பிடிபடாமல் போனால் டாக்டருக்குப் போகிற தகவல் மாறிவிடும்.

அதனால் முதல் வாரத்திலிருந்தே இரண்டு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று வகுப்புக்கு, ஒன்று தெருவுக்கு. இரண்டையும் கலக்காதீர்கள். தெரு நோட்டு பைக்குள் அடங்குகிற அளவில் இருக்கட்டும். கேட்ட வாக்கியத்தை முழுசாக எழுதுங்கள். தனிச் சொல்லாக எழுதிவைத்தால் தேவைப்படும் நேரத்தில் வாய்க்கு வராது. எகிப்துப் பேச்சு கற்பதில் ஒரு பெரிய லாபமும் உண்டு. எகிப்து சினிமாவும் தொடர்களும் பல தலைமுறையாக அரபு நாடுகள் எங்கும் ஓடுகின்றன. ஓமன்காரரும் ஈராக்காரரும் அந்தப் பேச்சைக் கேட்டுப் பழகியவர்கள். நாம் பேசுவது அவர்களுக்குப் புரிந்துவிடும். அவர்கள் பேசுவது நமக்குப் புரிவதற்கு மட்டும் காதைத் தனியாகப் பழக்க வேண்டும்.

கிளம்பும் முன்பு

மதரஸாவில் ஓதி வளர்ந்த பிள்ளைகளுக்கு எழுத்தும் உச்சரிப்பும் கையில் இருக்கும். அது சாதாரணச் சொத்தல்ல. ஆனால் குர்ஆனில் இருக்கும் ஸேர், ஸபர், பேஷ் என்ற உயிரொலிக் குறிகள் செய்தித்தாளிலும் கடைப் பலகையிலும் இருக்காது. பொருள் தெரிந்தால்தான் சரியாக வாசிக்கவே முடியும். அந்தப் பழக்கத்தை ஊரிலேயே ஆரம்பித்துவிடலாம். மதீனா இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் கற்பித்த டாக்டர் வி. அப்துர் ரஹீம் நம் வாணியம்பாடிக்காரர். 2023இல் காலமானார். அரபு தெரியாதவர்களுக்காக அவர் எழுதிய மூன்று பாகப் பாடநூலை உலகம் முழுவதும் வைத்துப் படிக்கிறார்கள். அதன் முதல் பாகத்தை முடித்துவிட்டு விமானம் ஏறினால் ஆரம்ப வகுப்பில் தடுமாற்றம் குறையும்.

இன்னொன்று, எண்கள். எகிப்தில் பஸ் எண்ணும் விலைச்சீட்டும் வண்டி நம்பரும் அரபு எண்களில் இருக்கும். அவர்களுடைய 5 நமக்குப் பூஜ்யம் மாதிரி தெரியும். பூஜ்யம் வெறும் புள்ளி. 6 நம்முடைய 7 போல இருக்கும். இந்தப் பத்து எண்களையும் பார்த்த மாத்திரத்தில் படிக்கும் அளவுக்குப் பழகிக்கொண்டு போங்கள். இறங்கிய முதல் மணி நேரத்திலேயே தேவைப்படும்.

மின் இணைப்பு கிட்டத்தட்ட நம்மைப் போல 220 வோல்ட்தான், ஆனால் பிளக் இரண்டு உருண்டைக் கம்பி வகை. நம் மூன்று முனை பிளக் நுழையாது. மாற்றி இரண்டு வாங்கிப் பெட்டியில் வையுங்கள். குளிருக்குக் கம்பளிச் சட்டையும் வேண்டும். பாலைவன நாடு என்று நினைத்து மெல்லிய துணிகளோடு போகிறவர்கள் டிசம்பர், ஜனவரியில் நடுங்குவார்கள். வீடுகளில் சூடாக்கும் வசதி பெரும்பாலும் கிடையாது. வெளியில் இருப்பதைவிட அறைக்குள் அதிகம் குளிரும்.

யாரோடு தங்குவது

கெய்ரோவின் நஸ்ர் சிட்டி வெளிநாட்டு மாணவர்களின் பேட்டை. அல் அஸ்ஹர் பல்கலைக்கழகத்தின் பெரிய வளாகமும், அதைச் சேர்ந்த ஷேக் ஸாயித் அரபு மொழி மையமும், தனியார் மொழி நிலையங்களும் அங்கே இருக்கின்றன. ஏழாவது, பத்தாவது வட்டாரங்களில் இந்தோனேசியா, மலேசியா, மத்திய ஆசியா, ஆப்பிரிக்க நாடுகள் என்று எல்லா ஊர்ப் பிள்ளைகளையும் பார்க்கலாம். அவரவர் நாட்டுச் சாப்பாட்டுக் கடையும் உண்டு. புதிதாக வருகிறவருக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் அந்த ஆறுதலிலேயே தங்கிவிட்டால் அரபு பேசாமல் வருடக்கணக்காக வாழ்ந்துவிட முடியும்.

தமிழ்ப் பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்து ஒரு வீடு எடுப்பதுதான் வழக்கம். வாடகை குறையும், ரசம் கிடைக்கும், உம்மாவுக்கும் நிம்மதி. அப்படிச் செய்யாதீர்கள் என்றுதான் சொல்வேன். ஒரே தெருவில் இருங்கள், வெவ்வேறு வீட்டில் இருங்கள். உங்கள் மொழி தெரியாத ஒருவரோடு அறையைப் பகிர்ந்துகொள்ளுங்கள். நான் ஓர் இந்தோனேசியப் பெண்ணோடும் ஒரு தாஜிக் பெண்ணோடும் இருந்தேன். மூவருக்கும் பொதுவாக இருந்தது அரபு ஒன்றுதான். பாத்திரம் கழுவும் முறையிலிருந்து ஜன்னலை மூடுவதா திறப்பதா என்பது வரை அரபியில்தான் பேசித் தீர்த்தோம். சண்டையும் அரபியில், சமாதானமும் அரபியில். அல் அஸ்ஹரின் உதவித்தொகை பெற்று அப்பாஸிய்யாவில் உள்ள மதீனத்துல் புஊஸ் விடுதியில் தங்குகிறவர்களுக்கு இந்த வாய்ப்பு தானாகவே கிடைக்கும். அங்கே நைஜீரியரும் உஸ்பெக்கியரும் பேசிக்கொள்வது வகுப்பில் கற்ற அதே அரபியில்தான்.

தனி வீடு எடுத்தால், மாணவர்கள் தேடுவது ‘மஃப்ரூஷ்’, அதாவது கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜோடு விடும் வீடு. சிம்ஸார் எனப்படும் புரோக்கர் கமிஷன் கேட்பார், வீட்டுக்காரர் முன்பணம் கேட்பார். எல்லாவற்றையும் கூட்டிய பிறகு பட்ஜெட் போடுங்கள். பகலில் ஒரு முறை, இரவில் ஒரு முறை வீட்டைப் பாருங்கள். மேல்மாடி என்றால் குழாயில் தண்ணீர் ஏறுகிறதா, மோட்டார் இருக்கிறதா என்று திறந்து பாருங்கள். கேஸ் குழாயில் வருகிறதா, சிலிண்டரா என்று கேளுங்கள். கரண்ட் மீட்டர் அட்டையில் பணம் ஏற்றும் வகையாக இருந்தால் அட்டை கையில் வந்த பிறகே சாவி வாங்குங்கள். ஒப்பந்தம் அரபியில் இருக்கும். புரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் வாத்தியாரிடம் காட்டினால் மகிழ்ச்சியோடு படித்துக் காட்டுவார், அதுவே ஒரு பாடமாகவும் ஆகும்.

பிறகு பவ்வாப். கட்டடத்தின் கீழ்த்தளத்தில் குடும்பத்தோடு இருக்கும் காவலாளி. பலரும் தென் எகிப்துக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். யார் வருகிறார், போகிறார் என்று அவருக்குத் தெரியும். பிளம்பர் எங்கே, நல்ல ரொட்டி எங்கே என்றும் தெரியும். மாதாமாதம் அவருக்கு ஒரு தொகை கொடுப்பது வழக்கம். அதைத் தவறாமல் கொடுங்கள். போகும்போதும் வரும்போதும் ஸலாம் சொல்லி இரண்டு நிமிடம் நின்று பேசுங்கள்.

பணமும் காகிதமும்

எகிப்து பவுண்டின் மதிப்பு நிலையானதல்ல. 2024 மார்ச் 6ஆம் தேதி ஒரு டாலருக்குச் சுமார் 31 பவுண்டாக இருந்தது ஒரே நாளில் 50ஐ நெருங்கியது. டாலர் கொண்டுபோகிறவருக்கு அன்று கொஞ்சம் லாபம்தான், ஆனால் விலைவாசியும் கூடவே ஏறும். போன வருடம் போய் வந்தவர் சொல்லும் கணக்கை நம்பிக் கிளம்பக் கூடாது. கொண்டுபோகும் பணத்தை மொத்தமாக மாற்றாமல் மாதத்துக்கு வேண்டியதை மட்டும் மாற்றுங்கள். வங்கியிலோ அனுமதி பெற்ற பணமாற்றுக் கடையிலோ மட்டும் மாற்றுங்கள். தெருவில் அதிக விலை தருகிறேன் என்று வருகிறவரிடம் மாற்றுவது அங்கே குற்றம்.

விசாவும் தங்கும் அனுமதியும் விளையாட்டல்ல. சேரும் நிலையம் தரும் கடிதத்துக்கு அரசாங்க அங்கீகாரம் இருக்கிறதா, அதை வைத்து மாணவர் அனுமதி கிடைக்குமா என்று பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அனுமதி முடியும் நாளுக்குப் பல வாரம் முன்பே புதுப்பிக்கும் வேலையைத் தொடங்குங்கள். வரிசையும் காத்திருப்பும் ஒரு நாளை விழுங்கும். அதற்கும் ஒரு வழி உண்டு. என்ன கேட்பார்கள், என்ன சொல்ல வேண்டும் என்று முந்தின இரவே அரபியில் எழுதிப் பழகிக்கொண்டு போனால் வேலையும் முடியும், மொழியும் வளரும். பாஸ்போர்ட் நகல் எப்போதும் பையில் இருக்கட்டும். போய்ச் சேர்ந்ததும் ஸமாலிக்கில் உள்ள இந்தியத் தூதரகத்தின் தொடர்பு எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். போலீஸ், ராணுவம், அரசாங்கக் கட்டடம் எதையும் படம் எடுக்காதீர்கள். அந்த நாட்டு அரசியலைப் பற்றித் தெருவிலும் கைபேசியிலும் பேசாதீர்கள்.

அடுப்படி

காலையில் தெருமுனையில் ஃபூல் வண்டி நிற்கும். பெரிய செம்புப் பானையில் இரவெல்லாம் வெந்த மொச்சை போன்ற பயறு. வண்டிக்காரர் நீளக் கரண்டியால் மொண்டு, நசுக்கி, எண்ணெய், சீரகம், எலுமிச்சை சேர்த்துத் தட்டில் வைப்பார். கூடவே தவிட்டோடு சுட்ட வட்ட ரொட்டி, ஊறுகாய், பச்சை வெங்காயம். அதே பயறை அரைத்துக் கொத்தமல்லித் தழை சேர்த்துப் பொரித்தால் தஅமிய்யா, நம் மசால்வடைக்கு நெருங்கிய சொந்தம். மதியத்துக்குக் குஷரி. சோறு, மைசூர்ப் பருப்பு, மக்ரோனி, கொண்டைக்கடலை, மேலே முறுகப் பொரித்த வெங்காயம், தக்காளிச் சாறு, பூண்டும் வினிகரும் கலந்த காரம். இறைச்சி சாப்பிடாதவர்களும் கெய்ரோவில் பட்டினி கிடக்க மாட்டார்கள். காசும் அதிகம் ஆகாது.

வீட்டில் சமைக்க மல்லி, சீரகம், மிளகு, மஞ்சள் எல்லாம் அத்தார் எனப்படும் மசாலாக் கடையில் கிடைக்கும். கறிவேப்பிலைக்கு ஏங்குவீர்கள். காயவைத்த கறிவேப்பிலை, பெருங்காயம், சாம்பார்ப் பொடி ஊரிலிருந்து கொண்டுபோங்கள். எகிப்து அரிசி குண்டாக, கொஞ்சம் ஒட்டும் தன்மையோடு இருக்கும். தண்ணீரைக் குறைத்து வைத்தால் பழகிவிடும். தமிழ்ப் பிள்ளைகள் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு ஒரு வீட்டில் கூடி மீன் ஆணம் வைத்துச் சாப்பிடுங்கள். அந்த ஒரு நேரம் வாய் நிறையத் தமிழ் பேசுங்கள். மனசுக்கு அது வேண்டும். மற்ற நாட்களில் சாப்பாடு தெருவோடு சேர்ந்ததாக இருக்கட்டும்.

வாங்குவதற்குப் பெரிய சூப்பர் மார்க்கெட் வேண்டாம். அங்கே பொருளை எடுத்து மேசையில் வைத்தால் போதும், வாயைத் திறக்க வேண்டியதில்லை. பக்கத்துப் பெட்டிக் கடைக்கும் காய்கறி வண்டிக்கும் போங்கள். அங்கே எடை கேட்க வேண்டும், விலை கேட்க வேண்டும், நேற்று வாங்கிய தக்காளி சரியில்லை என்று சொல்ல வேண்டும். கடைக்காரர் சில சமயம் காசு வேண்டாம், இருக்கட்டும் என்பார். அது மரியாதைக்குச் சொல்வது. இரண்டு மூன்று முறை வற்புறுத்திக் காசைக் கொடுத்துவிட வேண்டும்.

வண்டியில் ஒரு வகுப்பு

கெய்ரோ மெட்ரோ 1987இல் ஓடத் தொடங்கியது. ஆப்பிரிக்கக் கண்டத்தின் முதல் மெட்ரோ அது. நடுவில் சில பெட்டிகள் பெண்களுக்கு மட்டும். அரபு படிக்கும் பெண்களுக்கு அதைவிட நல்ல பேச்சு வகுப்பு கிடையாது. கொண்டை ஊசி, அடுப்படிக் கத்தி, பிள்ளைகளுக்கு வாய்ப்பாட்டுப் புத்தகம் என்று விற்றுக்கொண்டு பெண்கள் ஏறுவார்கள். ஒவ்வொருவரும் தன் சரக்கைப் பற்றி ஒரே மூச்சில் ஒரு பிரசங்கம் செய்வார்கள். அதே பிரசங்கத்தைத் தினமும் கேட்டுக் கேட்டு, ஒரு நாள் முழுசும் புரியும்போது வருகிற சந்தோஷம் பரீட்சை மார்க்கில் வராது. பக்கத்து ஸீட்டுப் பெண்மணி எந்த நாடு, கல்யாணம் ஆகிவிட்டதா, உம்மா எப்படி விட்டாள் என்று கேட்பார். இந்தியா என்றதும் அமிதாப் பச்சனை விசாரிப்பார். பதில் தயாராக இருக்கட்டும், பேச்சு அங்கிருந்து வளரும்.

மெட்ரோ போகாத இடத்துக்கு மைக்ரோபஸ். எங்கே போகிறது என்று வண்டியிலிருந்து கத்துவார்கள், அல்லது நிற்பவர் கை ஜாடையில் கேட்பார். ஏறி உட்கார்ந்ததும் காசை முன் ஸீட்டுக்காரரிடம் கொடுக்க வேண்டும். அது கைமாறிக் கைமாறி டிரைவரிடம் போய், மிச்சம் அதே வழியில் திரும்பி வரும். இறங்க வேண்டிய இடத்தைச் சத்தமாகச் சொன்னால்தான் நிறுத்துவார். வெட்கப்படும் பிள்ளைகளுக்கு இது நல்ல மருந்து. இரவு நேரத்தில் மட்டும், குறிப்பாகப் பெண்கள், கைபேசியில் அழைக்கும் டாக்ஸியில் போய் வருவது நல்லது.

பெண்களுக்கு இன்னொரு வார்த்தை. தெருவில் சீண்டுகிற ஆண்கள் அங்கேயும் உண்டு. பதில் பேசாமல் நடந்து ஒரு கடைக்குள் நுழையுங்கள். எல்லை மீறினால் சத்தம் போடுங்கள். சுற்றி இருப்பவர்கள், முக்கியமாக வயதான பெண்கள், உடனே கூடிவிடுவார்கள்.

பேச்சுக்கு ஆள் தேடுவது

சுற்றுலாப் பயணிகள் வரும் இடங்களில் நாம் அரபியில் ஆரம்பித்தால் அவர்கள் ஆங்கிலத்துக்குத் தாவுவார்கள். அங்கே பேச்சைப் பழக முடியாது. ஷுப்ரா, ஸய்யிதா ஸைனப் மாதிரி ஊர் ஜனங்கள் வாழும் பேட்டைகளுக்குப் போங்கள். ஒரே டீக்கடை, ஒரே தையற்கடை, ஒரே சலவைக் கடை என்று வைத்துக்கொண்டு அங்கேயே திரும்பத் திரும்பப் போங்கள். நம்மை முகம் தெரிந்தவர்கள்தான் பொறுமையாகத் திருத்திச் சொல்வார்கள். வயதில் பெரிய ஆணை ‘யா அம்மோ’ என்றும், பெண்ணை ‘யா ஹாகா’ அல்லது ‘யா தான்த்’ என்றும் கூப்பிடுங்கள். மூத்த பிள்ளையின் பெயரைச் சொல்லி இன்னாருடைய உம்மா என்று அழைப்பதும் அங்கே மரியாதைதான். முறை வைத்துக் கூப்பிட்டு வளர்ந்த நமக்கு இது உடனே வரும். கூப்பிடும் விதம் சரியாக இருந்தால் மற்ற பிழையெல்லாம் மன்னிக்கப்படும்.

கேட்பதற்கும் திட்டம் வேண்டும். காலையில் கால் மணி நேரம் அரபுச் செய்தி, ஃபுஸ்ஹாவுக்கு. அந்த மொழியில் டப்பிங் செய்த குழந்தைகள் கார்ட்டூன் இன்னும் சுலபம். இரவில் ஒரு எகிப்துத் தொடரில் ஒரே காட்சியை மூன்று நான்கு முறை பார்ப்பது, பேச்சுக்கு. படிக்க ஆரம்பித்தவர்கள் அத்தபா மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள அஸ்பக்கிய்யா பழைய புத்தகக் கடைகளுக்குப் போங்கள். 1988இல் நோபல் பரிசு பெற்ற நகீப் மஹ்ஃபூஸின் நாவல்கள் பழைய புத்தக விலைக்குக் கிடைக்கும். பாத்திரங்களின் உரையாடலைக்கூட அவர் ஃபுஸ்ஹாவில் எழுதியவர் என்பதால் மாணவர்களுக்கு அவர் ஏற்றவர். ஜனவரி கடைசியில் தொடங்கும் கெய்ரோ புத்தகக் கண்காட்சியையும் தவற விடாதீர்கள்.

உடம்பும் மனசும்

வசந்த காலத்தில் கமாஸீன் காற்று அடிக்கும். வானமே மஞ்சளாகி மணல் ஜன்னல் இடுக்கு வழியாகப் படுக்கை வரை வந்துவிடும். இலையுதிர் காலத்தில் நெல் வைக்கோல் எரிக்கும் புகை நகரத்தின் மேல் வந்து நிற்கும். இழுப்பு உள்ளவர்கள் மருந்தும் டாக்டர் சீட்டும் ஊரிலிருந்தே எடுத்துப் போங்கள். முதல் சில வாரம் குழாய்த் தண்ணீர் வேண்டாம், வடிகட்டியதைக் குடியுங்கள். சின்ன உபாதைக்கு அங்கே எல்லோரும் முதலில் போவது ஃபார்மஸிதான். தலைவலி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல், ஒவ்வாமை, பல்வலி என்று ஒவ்வொன்றையும் எப்படிச் சொல்வது என்று முதல் மாதத்திலேயே மனப்பாடம் செய்துவிடுங்கள். இதை நான் தொழில் முறையில் சொல்கிறேன். உடம்பு முடியாத நேரத்தில் சொல் தேட முடியாது.

மூன்றாவது, நான்காவது மாதத்தில் ஒரு சோர்வு வரும். ஆரம்பத்தின் வேகம் போய், எவ்வளவு படித்தாலும் நகராத மாதிரி இருக்கும். அநேகமாக எல்லா மாணவர்களுக்கும் வருவது இது. அப்போது புதிய பாடத்தை அடுக்காமல், முதல் மாதத்து நோட்டை எடுத்துப் பார்த்தால் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று தெரியும்.

ரமலானில் கெய்ரோவில் இருக்கக் கிடைத்தால் அதை ஊருக்கு வரும் விடுமுறையாக ஆக்கிவிடாதீர்கள். வகுப்பு நேரம் குறையும், ஊர் இரவில் விழித்திருக்கும். நோன்பு திறக்கும் நேரத்தில் தெருவோரம் நீள மேசை போட்டு யார் வந்தாலும் சோறு போடுவார்கள். பக்கத்தில் உட்காரும் ஆளோடு பேச இதைவிட நல்ல சந்தர்ப்பம் இல்லை. நோன்பு திறக்கும் மஃரிபுக்கு முந்தைய ஒரு மணி நேரம் மட்டும் சாலையில் இருக்காதீர்கள். எல்லா வண்டியும் வீட்டுக்குப் பறக்கும் நேரம் அது. அந்த மாதம் புதுத் தொடர்கள் தினமும் ஒரு பகுதியாக ஓடும். மறுநாள் கடைத்தெருவில் எல்லோரும் பேசுவது அதைப் பற்றித்தான். ஒன்றைப் பின்தொடர்ந்து பார்த்தால் யாரோடும் பேச்சைத் தொடங்கலாம்.

பெற்றவர்களுக்கு

கைபேசி வந்த பிறகு வெளிநாட்டுப் படிப்புக்குப் புதிய தடை ஒன்று வந்திருக்கிறது. பிள்ளை கெய்ரோவில் இருக்கிறது, காதும் வாயும் வீட்டிலேயே இருக்கின்றன. காலையில் வாப்பா, மதியம் உம்மா, மாலையில் ராத்தா, இரவில் தோழிகள் என்று வீடியோ அழைப்பு ஓடிக்கொண்டே இருந்தால் அரபு நுழைய இடம் இல்லை. ஒரு நாளைக்கு ஒரு நேரம் வைத்துப் பேசுங்கள். மிச்ச நேரத்தைப் பிள்ளைக்கு விட்டுக்கொடுங்கள். கேட்பதென்றால் சாப்பிட்டாயா என்பதோடு, இன்று யாரோடு அரபியில் பேசினாய் என்றும் கேளுங்கள். என் வாப்பா அந்தக் கேள்வியைத் தினமும் கேட்பார். பதில் சொல்வதற்காகவே வெளியே இறங்கிய மாலைகள் எனக்குப் பல.

படித்து முடித்து ஊர் திரும்புகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. பேசாமல் விட்டால் அரபு வேகமாக மறக்கும், முதலில் போவது தெருவில் கற்ற பகுதிதான். வந்த முதல் மாதத்திலேயே வேலையோ, வகுப்பெடுப்பதோ, அங்கே பழகியவர்களோடு வாரம் ஒரு பேச்சோ ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். சென்னை ஆஸ்பத்திரிகளில் நல்ல மொழிபெயர்ப்பாளர்களுக்கு வேலை இருக்கிறது. எழுத்து, பேச்சு இரண்டும் கைவந்தவர்கள் குறைவு. அந்த இரண்டையும் சேர்த்துக் கற்று வாருங்கள், உங்களோடு வேலை செய்ய நான் தயாராக இருக்கிறேன்.